போர்க்காலக் கைத்துப்பாக்கிகளைச் சேகரித்தல்: எண்ணையும் முத்திரையையும் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

லூகர் பி.08 என்ற ஜெர்மானியக் கைத்துப்பாக்கியைக் கழற்றி வெள்ளைத் துணியில் பரப்பினால், ஏறக்குறைய பன்னிரண்டு உறுப்புகளில் எண்கள் குத்தப்பட்டிருப்பதைக் காணலாம். குழலின் அடியிலும் சட்டகத்தின் முன்புறத்திலும் முழுத் தொடர் எண் இருக்கும். விசை, பக்கத் தகடு, முழங்கால்போல் மடங்கும் இணைப்புகள், சுட்ட தோட்டாவின் உறையைப் பிடித்திழுக்கும் கொக்கி போன்றவற்றில் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இருக்கும். நான் முதன்முதலில் வாங்கிய லூகரில் எல்லா இடங்களிலும் 37 என்று இருந்தது. ஆனால் பக்கத் தகட்டில் இருந்த 7 மட்டும் மற்ற ஏழுகளைவிடச் சற்று ஆழமாகவும் கால் நேராகவும் இருந்ததை, பணத்தைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பத்து மடங்கு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்த பிறகுதான் கண்டேன். வேறொரு துப்பாக்கியின் தகட்டில் இருந்த பழைய எண்ணை அராவி எடுத்துவிட்டு, புதிதாக 37 குத்தியிருந்தார்கள். விற்றவர் தன் தாத்தா 1945-இல் ஒரு ஜெர்மானிய அதிகாரியிடமிருந்து அதைக் கைப்பற்றிய கதையை அரைமணி நேரம் சொன்னார். நானும் கதையைக் கேட்ட அளவுக்குத் தகட்டைப் பார்க்கவில்லை.

அந்தத் தவறிலிருந்து கற்றதை வரிசைப்படி எழுதுகிறேன். நான் வாழ்வது அமெரிக்காவில். இந்தச் சேகரிப்புக்கான பெரிய சந்தையும் இங்கேதான் இருக்கிறது. எனவே இந்த நாட்டின் நடைமுறையை அடிப்படையாகக் கொண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மானியக் கைத்துப்பாக்கிகளை விரிவாகவும், மற்ற நாடுகளுடையவற்றைத் தேவையான அளவிலும் பார்க்கலாம்.

முதல் படி: நீங்கள் வைத்திருக்கலாமா என்று பாருங்கள்

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களில் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டியிருக்கும். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமில்லா விசாக்களில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளுக்குள் வராவிட்டால், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். நண்பர் வாங்கித் தருவார், என் அலமாரியில்தானே இருக்கப்போகிறது என்ற யோசனை இருவரையும் சிறைக்கு அனுப்பக்கூடியது. பச்சை அட்டை பெற்றவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. ஆனாலும் கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் கைத்துப்பாக்கிக்குத் தனிக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கின்றன. உங்கள் மாநிலத்தின் சட்டத்தைப் படிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சேகரிப்பாளருக்கென்றே ஓர் உரிமம் இருக்கிறது. ஏ.டி.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டரசு ஆணையம் வழங்கும் வகை 03 உரிமம் அது. 21 வயது நிறைந்தவர்கள் 30 டாலர் கட்டி மூன்று ஆண்டுகளுக்குப் பெறலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையதாகவும் மூல வடிவிலும் இருக்கும் துப்பாக்கிகள் பொதுவாக இதன் வரம்புக்குள் வரும். மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால், இந்த உரிமத்தைக் கொண்டு வெளிமாநில விற்பனையாளரிடமிருந்து நேரடியாக வீட்டுக்கே வரவழைக்கலாம். பதிலுக்கு, வாங்கியதையும் விற்றதையும் தேதியோடு ஒரு பதிவேட்டில் எழுதிவர வேண்டும். உரிமம் சொந்தச் சேகரிப்புக்கு மட்டுமே உரியது. வாங்கி விற்று இலாபம் பார்க்கும் தொழிலுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு பொறியும் உண்டு. லூகரின் பிடியின் பின்புறத்தில் தோள்கட்டையைச் செருகுவதற்கான ஒரு மேடு இருப்பதைப் பார்க்கலாம். அங்கே இன்று செய்த நகல் கட்டை ஒன்றை மாட்டினால், கைத்துப்பாக்கி சட்டத்தின் பார்வையில் குறுங்குழல் ரைஃபிளாகிவிடும். அது 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டிய ஆயுதம். மூலக் கட்டையோடு கூடிய சில குறிப்பிட்ட மாதிரிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

பிரிட்டனில் 1997-இல் வந்த சட்டங்கள் கைத்துப்பாக்கியைப் பொதுமக்களிடமிருந்து ஏறக்குறைய முழுவதுமாக அகற்றிவிட்டன. அங்கே சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் செயலிழக்கச் செய்யப்பட்ட துப்பாக்கிகளையே நாடுகிறார்கள். கனடாவில் 2022 அக்டோபர் முதல் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் முடக்கப்பட்டுள்ளன. ஜெர்மனியில் சேகரிப்பாளருக்குச் சிவப்பு நிற உரிம அட்டை தருகிறார்கள், ஆனால் எந்தத் துறையில் சேகரிக்கிறோம் என்பதை முன்கூட்டியே காரணத்தோடு நிறுவியாக வேண்டும். இந்தியாவில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட குழல்விட்ட வகையைச் சேர்ந்தது. லூகரும், இன்னொரு ஜெர்மானியக் கைத்துப்பாக்கியான வால்தர் பி.38-உம் அந்த விட்டத்துக்குள்தான் வருகின்றன. அதனால் ஊரில் இருப்பவர்களுக்கு இது படித்தும் படம் பார்த்தும் ரசிக்கும் துறையாகவே இருக்கிறது. இங்கிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கண்காட்சிக்கு எடுத்துச்சென்ற பையையே விமானப் பயணத்துக்கும் எடுத்துச்செல்லாதீர்கள். பக்கப்பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்காக விமான நிலையத்தில் வழக்கைச் சந்தித்தவர்கள் உண்டு.

இரண்டாம் படி: துறையைக் குறுக்குங்கள்

போர்க்காலக் கைத்துப்பாக்கி என்று பொதுவாகத் தொடங்குபவர், மூன்றே ஆண்டுகளில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஏழெட்டுச் சாதாரணப் பொருள்களோடு நிற்பார். ஒரு நாட்டையோ, ஒரு மாதிரியையோ, ஓர் ஆண்டையோ எடுத்துக்கொண்டால் கண் விரைவில் பழகும். கண் பழகினால் ஏமாறுவது குறையும்.

வரலாறு நமக்குப் பரிச்சயமான பெயர்களோடு வர வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு அமெரிக்கப் படையின் எம்1911ஏ1 நல்ல தொடக்கம். .45 அங்குல விட்டம் கொண்ட இந்தக் கைத்துப்பாக்கியைப் போர்க்காலத்தில் கோல்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, துப்பாக்கியோடு தொடர்பே இல்லாத நிறுவனங்களும் செய்தன. மிக அதிகமாக, எட்டு லட்சத்துக்கும் மேல் செய்தது ரெமிங்டன் ராண்ட். நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் விரல் பழகிய அதே பெயர்தான், சுடும்போது பின்னுக்கு நகரும் மேல்பாகமான ஸ்லைடின் இடப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இரயில்வே சிக்னல் கருவிகள் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்டு சிக்னல் 55,000 செய்தது. தையல் இயந்திரத்துக்குப் பேர்போன சிங்கர் நிறுவனம் 1941-இல் செய்தவை 500 மட்டுமே. எஸ்800001 முதல் எஸ்800500 வரை எண்ணிடப்பட்ட அந்த ஐந்நூறில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. எனவே உங்களிடம் யாராவது சிங்கர் கைத்துப்பாக்கியை மலிவாகக் கொண்டுவந்தால், அது ரெமிங்டனின் ஸ்லைடில் புதிதாகப் பெயர் வெட்டியதாகவே இருக்கும் என்று எண்ணி மேலே பேசுங்கள்.

ஜப்பானின் '14-ஆம் ஆண்டு நம்பு' என்ற கைத்துப்பாக்கி மலிவாகவும் சுவையாகவும் இருக்கும். 14 என்பது தைஷோ பேரரசரின் பதினான்காம் ஆண்டு, அதாவது 1925. தொழிற்சாலைத் தேதி அடுத்து வந்த ஷோவா ஆண்டிலும் மாதத்திலும் குத்தப்பட்டிருக்கும். ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும். 19.6 என்றிருந்தால் 1944 ஜூன். தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலும் தொடர் எண்ணின் கடைசி இலக்கங்கள் இருப்பதால், பொருந்தும் மேகசினோடு கிடைப்பது மதிப்பைக் கூட்டும். சுடும் ஊசி எளிதில் உடையும் என்பதால் மாற்று ஊசி வைக்கத் துப்பாக்கியைச் செருகும் உறையிலேயே இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஊசி இன்னும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

போலந்தின் விஸ் 35 கைத்துப்பாக்கி என் தனிப்பட்ட விருப்பம். போருக்கு முந்தையவற்றில் ஸ்லைடின் மேல் போலந்துக் கழுகும் 1936 முதல் 1939 வரையிலான ஆண்டும் இருக்கும். ஆக்கிரமிப்புக்குப் பிறகு ராடோம் தொழிற்சாலையை ஜெர்மானியர்கள் நடத்தினார்கள். தொழிலாளர்கள் உறுப்புகளைக் கடத்தி எதிர்ப்புப் படைக்குக் கொடுத்தார்கள். அதைத் தடுக்கக் குழலை மட்டும் ஆஸ்திரியாவின் ஸ்டைர் ஆலையில் செய்தார்கள். அகப்பட்ட தொழிலாளர்கள் 1942-இல் பொதுவிடத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆக்கிரமிப்புக் காலத்து விஸ் ஒன்றைக் கையில் எடுக்கும்போது அதன் முரட்டு அராவலில் இந்த வரலாறு இருக்கிறது.

மூன்றாம் படி: ஜெர்மானிய முத்திரைகளைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் பிற படிகளை மேலோட்டமாகப் படித்தாலும், இதில் நின்று நிதானியுங்கள்.

லூகரை ஜெர்மானியக் கடற்படை 1904-இலும் தரைப்படை 1908-இலும் ஏற்றன. பி.08 என்ற பெயரில் உள்ள 08 அந்த ஆண்டுதான். 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டா பிறந்ததும் இதற்காகவே. முதல் உலகப் போர்க் காலத்தில் டி.டபிள்யூ.எம். நிறுவனமும் எர்ஃபர்ட் அரசுத் தொழிற்சாலையும் செய்தன. ஆண்டு தோட்டா அறையின் மேல் நான்கு இலக்கங்களில் தெளிவாக இருக்கும். தரைப்படைக்கு 100 மி.மீ. குழலும், கடற்படைக்கு 150 மி.மீ. குழலும், பீரங்கிப்படைக்கு 200 மி.மீ. குழலும் வழங்கப்பட்டன. சிலவற்றில் பிடியின் முன்பட்டையில் படைப்பிரிவின் குறி இருக்கும். உதாரணமாக 74.ஆர்.6.12 என்பது 74-ஆம் காலாட்படை ரெஜிமெண்டின் 6-ஆம் கம்பெனியில் 12-ஆம் எண் ஆயுதம். யாரும் வாயால் சொல்லாமலே வரலாறு தெரியும் துப்பாக்கி இதுதான். நான் மற்றவற்றைவிட இதற்கு அதிக விலை கொடுக்கத் தயங்கமாட்டேன்.

1930-இல் உற்பத்தி ஓபர்ன்டோர்ஃபில் இருந்த மவுசர் ஆலைக்கு மாறியது. வெர்சாய் உடன்படிக்கையின் கட்டுப்பாடுகளை மீறி ஆயுதம் செய்வதை மறைக்க, நிறுவனத்தின் பெயருக்குப் பதில் சங்கேதக் குறியிட்டார்கள். முதலில் எஸ்/42 என்ற குறியும், ஆண்டுக்கு எழுத்தும் வந்தன: கே என்றால் 1934, ஜி என்றால் 1935. 1936-இலிருந்து ஆண்டு வெளிப்படையாகவே குத்தப்பட்டது. 1939-இல் குறி வெறும் 42 ஆயிற்று. 1941-இல் பி.ஒய்.எஃப். என்ற மூன்று சிறிய எழுத்துகள் வந்தன, ஆண்டு 41, 42 என்று இரண்டு இலக்கங்களாகச் சுருங்கியது. புதியவர்கள் குழம்பும் இடம் இது. மடங்கும் இணைப்பின் மேல் உள்ள 42 ஆலையின் குறி, அறையின் மேல் உள்ள 42 ஆண்டின் குறி.

தொடர் எண் நான்கு இலக்கங்களுக்கு மேல் போகாது. முதல் பத்தாயிரம் முடிந்ததும் எண்ணுக்குக் கீழே ஓர் எழுத்துச் சேரும். அடுத்த பத்தாயிரத்துக்கு அடுத்த எழுத்து. ஆண்டு மாறியதும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஒரே எண் பல லூகர்களுக்கு இருக்கும். எண், எழுத்து, ஆலைக்குறி, ஆண்டு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கியின் அடையாளம் முழுமையாகும். எழுத்தை விட்டுவிட்டு எழுதிய சான்றிதழைக் கண்டால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

லூகரைச் செய்வதற்கு ஆகும் உழைப்பும் செலவும் அதிகம் என்பதால், வால்தரின் பி.38 1938-இல் ஏற்கப்பட்டது. 1939 முதல் வந்த ஆரம்பத் தொகுதியின் எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும். சேகரிப்பாளர்கள் அதைப் பூஜ்ய வரிசை என்கிறார்கள், விலையும் அதற்கேற்ப உயரம். பிறகு 480 என்ற குறி சிறிது காலம் இருந்தது. அதன்பின் போர் முடியும்வரை ஏ.சி. என்ற குறியும் கீழே ஆண்டும் வந்தன. 1942 இறுதியில் மவுசர் பி.ஒய்.எஃப். குறியோடு பி.38 செய்யத் தொடங்கியது. 1945-இல் அந்தக் குறி எஸ்.வி.டபிள்யூ. என்று மாறியது. மூன்றாவது ஆலையான ஸ்ப்ரேவெர்க், இன்றைய செக் குடியரசின் எல்லையோரத்தில் உள்ள ஹ்ராதெக்கில் சி.ஒய்.கியூ. குறியோடு செய்தது. அதில் ஆண்டு இருக்காது. கடைசலின் கோடுகள் பளிச்சென்று தெரியும். சி.ஒய்.கியூ.வின் முரட்டுத் தோற்றத்தைப் பார்த்துப் போலி என்று விலகியவர்களை அறிவேன். அந்த ஆலையின் வேலைப்பாடே அப்படித்தான்.

பி.38-இல் ஸ்லைடு, சட்டகம், குழல் ஆகிய மூன்றிலும் எண் பொருந்த வேண்டும். படையின் ஆய்வாளர் குத்தும் கழுகுச் சின்ன ஏற்பு முத்திரையும் ஆலையோடு பொருந்த வேண்டும். கழுகின் கீழே 359 என்றால் வால்தர், 135 என்றால் மவுசர், 88 என்றால் ஸ்ப்ரேவெர்க். ஏ.சி. குறியுள்ள ஸ்லைடில் 88 இருந்தால் எங்கோ கலப்பு நடந்திருக்கிறது என்று பொருள். எஸ்.வி.டபிள்யூ.45-இல் ஐந்துமுனை நட்சத்திரம் ஒன்றைக் கண்டால் அது பிரெஞ்சு முத்திரை. ஓபர்ன்டோர்ஃபைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படை, போர் முடிந்த பிறகும் அதே ஆலையில் தன் தேவைக்குத் துப்பாக்கி செய்துகொண்டது. அது போலியில்லை. ஆனால் ஜெர்மானியப் படைவீரன் கையில் இருந்ததாகச் சொல்லி விற்றால் அந்தச் சொல் பொய்.

முத்திரைகளைப் படிக்கப் பழகும்போது இவற்றைச் செய்த கைகளையும் அறிந்துகொள்வது நேர்மை. போர்க்கால ஜெர்மானிய ஆயுதத் தொழில் கட்டாய உழைப்பை நம்பி நடந்தது. வால்தர் நோயன்காம் வதைமுகாமிலேயே ஒரு பட்டறை வைத்து, கைதிகளைக் கொண்டு ரைஃபிள் உறுப்புகளைச் செய்வித்தது. அந்தக் கழுகையும் சுவஸ்திகத்தையும் அலங்காரமாக வரவேற்பறையில் தொங்கவிடுவதை நான் விரும்புவதில்லை. என்னிடம் உள்ளவை பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

நான்காம் படி: கையில் எடுத்துப் பாருங்கள்

கண்காட்சிக்குப் போகும்போது உருப்பெருக்கி, சிறு மின்விளக்கு, காந்தம் ஆகிய மூன்றும் பையில் இருக்கட்டும். தொடுவதற்கு முன் கேளுங்கள், கழற்றுவதற்கு முன் மறுபடியும் கேளுங்கள். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் குழலைத் தரையை நோக்கிப் பிடித்து, மேகசினை உருவி, அறையைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவை. லூகரில் அறைக்குள் தோட்டா இருந்தால் கொக்கி மேலெழும்பி, அதன் பக்கத்தில் 'நிரப்பப்பட்டது' என்று பொருள்படும் ஜெர்மன் சொல் தெரியும். அதையும் முழுக்க நம்பாதீர்கள். லூகரின் மேல்பாகத்தைச் சட்டகத்திலிருந்து பிரித்த பிறகும், அறைக்குள் தோட்டா இருந்தால் பக்கவாட்டுத் தண்டு அழுத்தப்பட்டு வெடிக்கக்கூடும். ஜப்பானின் 94-ஆம் வகைக் கைத்துப்பாக்கியிலும் இதே குறை வெளிப்படையாகவே இருக்கிறது. சட்டகத்தின் இடப்பக்கத்தில் திறந்து கிடக்கும் அந்தத் தண்டை விரல் அழுத்தினாலே வெடிக்கும்.

காந்தம் எதற்கென்றால், ஜெர்மனியின் புதிய படைக்காக 1957 முதல் மறுபடியும் செய்யப்பட்டு, பிறகு பி1 என்று பெயர் மாற்றப்பட்ட கைத்துப்பாக்கி பி.38-இன் அச்சாகவே இருக்கும். ஆனால் அதன் சட்டகம் அலுமினியம். சட்டகத்தில் காந்தம் ஒட்டாத பி.38 போரைப் பார்த்ததில்லை.

அடுத்து மேற்பரப்பு. எஃகுக்கு ஏற்றிய நீலநிறம் மூலமானதா, பின்னால் புதுப்பித்ததா என்பதில்தான் பாதி விலை இருக்கிறது. துருவினால் ஏற்பட்ட சிறு குழிகளுக்குள்ளும் நீலம் பளபளத்தால், துரு முதலில் வந்தது, நீலம் பிறகு வந்தது. விளிம்புகள் மழுங்கி, எழுத்துகளின் ஓரம் கரைந்தாற்போல் இருந்தால் மெருகுச் சக்கரம் ஓடியிருக்கிறது. மூலத் துப்பாக்கியின் தேய்மானம் இடமறிந்து வரும். குழலின் நுனியும் பக்கவாட்டு விளிம்புகளும் தோல் உறையில் உரசி வெளுத்திருக்கும், குழிந்த மூலைகளில் நீலம் அப்படியே நிற்கும். மவுசர் 1937 வாக்கில் முறையை மாற்றும்வரை, லூகரின் விசை, பாதுகாப்புத் தண்டு போன்ற சிறு உறுப்புகள் வைக்கோல் மஞ்சள் நிறத்தில் இருந்தன. அதற்குப் பிந்தைய ஆண்டு பொறித்த லூகரில் பொன்மஞ்சள் விசை மின்னினால், யாரோ அழகுக்காகச் செய்த வேலை அது.

பிறகு எண்கள். என் பக்கத் தகட்டின் ஏழைப்போல, எல்லா எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எண் குத்திய இடம் சுற்றியுள்ள பரப்பைவிட மிகச் சிறிதளவு தாழ்ந்திருக்கிறதா என்று விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எஃகை அராவியவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்தப் பள்ளத்தின் நிழலை மறைப்பது கடினம். எண்கள் பொருந்தாமல் இருப்பது குற்றமில்லை. போரில் பழுதான உறுப்பை மாற்றித்தான் பயன்படுத்தினார்கள். கிழக்குப் போர்முனையில் சோவியத் படை கைப்பற்றிய பி.38-களும் லூகர்களும் கிடங்கில் மொத்தமாகக் கழற்றப்பட்டு, கலந்து கூட்டப்பட்டு, புதிய நீலத்தில் தோய்க்கப்பட்டன. அவை பிற்காலத்தில் அமெரிக்காவுக்கு இறக்குமதியாயின, விலையும் குறைவு. தொடங்குகிறவருக்கு அவற்றில் ஒன்று நல்ல பயிற்சிப் பொருள். குற்றம் எதுவென்றால், பொருந்தாததைப் பொருந்தியதாகக் காட்டி விற்பது.

1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இறக்குமதியானவற்றில் இறக்குமதியாளரின் பெயர் எங்காவது பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் குழலின் அடியிலோ சட்டகத்தின் ஓரத்திலோ சிறு எழுத்தில் இருக்கும். 'என் தாத்தா 1945-இல் கொண்டுவந்தது' என்று சொல்லப்படும் துப்பாக்கியில் அந்தப் பெயர் இருந்தால், பேரம் பேசாமல் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போகலாம்.

நாஜிகளின் எஸ்.எஸ். படையின் மின்னல் குறி குத்திய லூகர்கள் பெரும்பாலும் போலியே. க்ரீக்ஹோஃப் ஆலை விமானப்படைக்குச் செய்த லூகர்களும் எண்ணிக்கையில் குறைவு என்பதால் போலிக்காரர்களின் விருப்பப் பொருள். முதல் ஐந்து ஆண்டுகளில் இந்த இரண்டின் பக்கமும் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: காகிதத்தை விசாரியுங்கள்

போர் முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள், கைப்பற்றிய ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுவர மேலதிகாரி கையெழுத்திட்ட சான்று தேவைப்பட்டது. அந்தக் காகிதத்தில் வீரரின் பெயர், பிரிவு, சில நேரங்களில் தொடர் எண் ஆகியவை இருக்கும். எண்ணோடு கூடிய சான்று கிடைத்தால் துப்பாக்கியின் மதிப்பு பெரிதும் ஏறும். ஏறுவதால்தான் வெற்றுப் படிவங்களில் புதிதாகத் தட்டச்சு செய்தவையும் உலவுகின்றன.

சரிபார்ப்பது எப்படி? சான்றில் உள்ள பிரிவு அந்தத் தேதியில் அந்த நாட்டில் இருந்ததா என்பதைப் பொது வரலாற்று ஆவணங்களிலேயே பார்த்துவிடலாம். துப்பாக்கியின் ஆண்டும் சான்றின் தேதியும் முரண்படுகின்றனவா என்று பாருங்கள். வீரரின் சேவைக் கோப்பைத் தேடுகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1973-இல் செயின்ட் லூயி ஆவணக் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில், 1912 முதல் 1960 வரை பணிவிடுப்புப் பெற்ற தரைப்படையினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு அழிந்துபோயின. கோப்பு இல்லை என்ற பதில் வந்தால் அது கதை பொய் என்பதற்குச் சான்றாகாது. 'தீயில் போயிற்று' என்று விற்பவர் சொல்வது கதை மெய் என்பதற்கும் சான்றாகாது. கோல்ட் நிறுவனத்தின் துப்பாக்கியாக இருந்தால், கட்டணம் கட்டி அந்த நிறுவனத்தின் ஆவணப் பிரிவிலிருந்தே அது எந்த நாளில் எங்கே அனுப்பப்பட்டது என்று கடிதம் பெறலாம். ஜெர்மானியத் துப்பாக்கிகளுக்கு அந்த வசதி இல்லை.

சான்று இல்லாத வாய்மொழிக் கதையை நான் மரியாதையோடு கேட்பேன், குறித்தும் வைப்பேன். அதற்காக ஒரு டாலரும் கூடுதலாகக் கொடுப்பதில்லை.

ஆறாம் படி: வாங்குதல்

முதல் துப்பாக்கிக்கு முன் உங்கள் துறையைப் பற்றிய இரண்டு மூன்று நல்ல நூல்களை வாங்குங்கள். அந்தச் செலவு முதல் பேரத்திலேயே திரும்பிவிடும். பெரிய ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் படங்கள் தெளிவாக இருக்கும், முடிந்த ஏலங்களின் விலையையும் பார்க்கலாம். ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டும் தரகு எவ்வளவு என்பதைக் கேட்டுவிட்டுக் கைதூக்குங்கள். அமெரிக்க அரசின் உபரி எம்1911 கைத்துப்பாக்கிகளைக் குடிமக்கள் துப்பாக்கிசுடும் திட்டத்தின் வழியாக 2018 முதல் விற்றுவருகிறார்கள். விண்ணப்பித்துக் குலுக்கலில் வரும் வரிசைக்குக் காத்திருக்க வேண்டும். எந்த வழியில் வாங்கினாலும், திருப்பித் தரும் அவகாசம் எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

உறையைத் தனியாக மதிப்பிடுங்கள். ஜெர்மானிய உறையின் பின்புறத்தில் செய்தவர் குறியும் ஆண்டும் அழுத்தப்பட்டிருக்கும். லூகர் உறையின் மூடிக்குள் மேகசினை நிரப்ப உதவும் சிறு கருவிக்கு ஒரு பை உண்டு, பெரும்பாலும் கருவி காணாமல் போயிருக்கும். லூகரோடு இரண்டு மேகசின்கள் வழங்கப்பட்டன. இரண்டிலும் துப்பாக்கியின் எண் இருக்கும், இரண்டாவதில் கூட்டல் குறியும் சேர்ந்திருக்கும். இரண்டும் பொருந்திய நிலையில் ஒரு லூகரை என் இருபது ஆண்டுகளில் மூன்று முறைதான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: பாதுகாத்தல்

வாங்கியதும் செய்ய வேண்டியது மிகக் குறைவு, செய்யக்கூடாதது அதிகம். இரும்பு நார், துருநீக்கித் திரவம், புதிய நீலம் ஆகிய எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். மெல்லிய எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியால் துடையுங்கள். விரல்ரேகையின் உப்பே துருவைத் தொடங்கிவைக்கும் என்பதால் பருத்திக் கையுறை அணியுங்கள். நெடுங்காலம் வைப்பதற்கு, அருங்காட்சியகங்களில் பயன்படும் நுண்மெழுகை மெல்லிதாகப் பூசலாம். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி எஃகோடு ஒட்டிக்கொள்ளும், ஒரே கோடையில் உறையின் உருவம் துப்பாக்கியின் மேல் துருவாகப் பதியும். இரும்புப் பெட்டிக்குள் ஈரப்பத அளவி ஒன்றை வைத்து, 50 விழுக்காட்டுக்கு மேல் ஏறாமல் சிலிக்கா கூழ்மப் பொட்டலங்களை மாற்றிவாருங்கள்.

சுட்டுப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எண்கள் எல்லாம் பொருந்திய லூகரைச் சுடாதீர்கள். எண்பது ஆண்டு பழைய கொக்கி உடைந்தால் புதுக் கொக்கி எளிதில் கிடைக்கும், ஆனால் உங்கள் எண் குத்திய கொக்கி இந்த உலகத்தில் ஒன்றுதான். சுட ஆசையென்றால் சோவியத் கிடங்கிலிருந்து வந்த கலப்புத் துப்பாக்கியை, தேர்ந்த துப்பாக்கித் தச்சர் பார்த்து, சுருள்வில்களை மாற்றிய பிறகு, சாதாரண அழுத்தமுள்ள இக்காலத் தோட்டாவோடு பயன்படுத்துங்கள். பி.38-இல் பாதுகாப்பு நெம்பைக் கீழே தள்ளினால் ஊசியை அடிக்கும் சுத்தியான ஹேமர் தானே விழும்படி அமைத்திருக்கிறார்கள். தேய்ந்த பழைய துப்பாக்கியில், அறைக்குள் தோட்டா இருக்கும்போது அந்த அமைப்பைச் சோதித்துப் பார்க்கவே கூடாது. போர்க்காலத் தோட்டாக்கள் பலவற்றின் அடியில் உள்ள பற்றவைப்பு மருந்தில் உப்பு உண்டு, குழலை அரித்துவிடும். அவை சேகரிப்பதற்கு மட்டும்.

எட்டாம் படி: எழுதி வையுங்கள்

உரிமத்துக்காக எழுதும் பதிவேடு அரசுக்கானது. அதைத் தவிர, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் அட்டை போடுங்கள். முழு எண், எழுத்து, குறி, ஆண்டு, முத்திரைகள், பொருந்தாத உறுப்புகள், வாங்கிய நாள், விலை, விற்றவர் சொன்ன கதை, அந்தக் கதையில் நீங்கள் சரிபார்த்தது எது, பார்க்காதது எது என்று பிரித்து எழுதுங்கள். எண்களை நெருக்கத்தில் படமெடுத்து, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். பொது வீட்டுக் காப்பீடு துப்பாக்கிக்குக் குறைந்த தொகையே தரும் என்பதால், தனிக் காப்பீட்டைப் பற்றி விசாரியுங்கள். உங்களுக்குப் பின் இவை யாருக்கு என்பதை உயிலில் எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு இவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாதென்றால், இறுதிச் சடங்கு முடிந்த வாரத்திலேயே ஒருவர் வந்து மொத்தத்தையும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.

என் முதல் லூகரை நான் விற்கவில்லை. புதிதாகப் பழகவரும் நண்பர்களிடம் உருப்பெருக்கியைக் கொடுத்து, குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். பெரும்பாலானோர் குழலிலிருந்து தொடங்கி, பக்கத் தகட்டைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பெட்டிக்குள் அதனோடு இருக்கும் அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'பி.ஒய்.எஃப். 42. பக்கத் தகடு வேறு துப்பாக்கியினுடையது, எண் மறுபடியும் குத்தப்பட்டது. கைப்பற்றிய கதைக்குச் சான்று இல்லை. பொருந்தாத துப்பாக்கியின் விலைக்கே விற்க வேண்டும்.'